வெயிட்டிங் லிஸ்ட் புராணம்

பொம்மனஹள்ளியில இருக்கிற நம்ம மக்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்னா பொங்கல் ரயில்தான் ஞாபகம் வரும். இப்ப அது உடற்பயிற்சி வகுப்புக்கும் வந்தாச்சு. 2016-ல் பெங்களூரில் தொடங்கின கியூர்ஃபிட்டோட கல்ட் மையங்கள்ல, குழு வகுப்புக்கு ஆப்லதான் இடம் பிடிக்கணும். நிரம்பிட்டா காத்திருப்புப் பட்டியல். யாராவது ரத்து பண்ணினா அடுத்தவருக்கு இடம்.

என்னைக் கேட்டா, இதுக்குத் தாத்தா நம்ம ரயில்வேதாங்க. முன்னாடியெல்லாம் முன்பதிவு கையால எழுதின பேரேட்டுலதான். 1986-ல் டெல்லியில கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது. 1999-ல் நாடு முழுக்க மையங்கள் இணைஞ்சது. 2002 ஆகஸ்ட்ல ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்துல டிக்கெட் கொடுக்க ஆரம்பிச்சது. எங்கேயோ ஒருத்தர் ரத்து பண்ணினா, இங்க நம்ம நம்பர் ஒண்ணு குறையும்.

ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. ரயில்ல ஆர்.ஏ.சி. உண்டு, பக்கவாட்டு கீழ் பெர்த்துல ரெண்டு பேர் உட்கார்ந்து போகலாம். ஒரே யோகா பாயில ரெண்டு பேர் படுக்க முடியுமா? டிக்கெட்டை ரத்து பண்ணாம விட்டா காசு போயிடும்னு பயம் இருக்கு. மொத்தமா சந்தா கட்டினவருக்கு அது இல்லை. அவர் தூங்கிடுவார், இடம் காலியாவே கிடக்கும். சொல்லாம வராதவங்களுக்கு இந்த மாதிரி வகுப்புகள் பலதுல அபராதம் வைக்கறது அதனாலதான்.

இன்னொரு பாடமும் இருக்கு. கிளம்பறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி வந்துக்கிட்டிருந்த ரயில் சார்ட்டை, 2025-ல் இன்னும் முன்கூட்டியே போட ஆரம்பிச்சாங்க. காத்திருக்கறவருக்கு பதில் சீக்கிரம் தெரியணும் இல்லையா? சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கறவருக்கு, பத்து நிமிஷம் முன்னாடி இடம் கிடைச்சு என்ன பிரயோஜனம்?

வரமுடியலைன்னா முந்தின ராத்திரியே ரத்து பண்ணிடுங்க. பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஓடி வர்ற ஒரு அம்மாவுக்கு அந்த இடம் போய்ச் சேரும்.