குருத்தணு மாற்றுக்குப் பின் வரும் வைரஸ் நோய்கள்

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜைச் செயலிழப்பு போன்ற நோய்களுக்காக இன்னொருவரின் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, ஏற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்து வரும் மாதங்களில் வைரஸ் நோய்கள் வரும் வாய்ப்பு மிக அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்று என்று பரவலாக அறியப்படும் இச்சிகிச்சையில், பழைய நோய் ஒழிந்த பிறகும் உயிருக்கு ஆபத்து தொடர்வதற்கு இவை ஒரு முக்கியக் காரணம். இந்த வைரஸ்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருவதில்லை. சிறு வயதிலேயே தொற்றி, உடலுக்குள் அடங்கிக் கிடந்தவை எதிர்ப்பாற்றல் இல்லாத நேரத்தில் மீண்டும் பெருகுகின்றன. எவ்வளவு சுத்தம் பார்த்தும் தொற்று வந்துவிட்டதே என்று தம்மையே நொந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் அது அவர்கள் தவறால் வந்ததல்ல.

எதிர்ப்பாற்றல் இல்லாத மாதங்கள்

மாற்றுக்கு முன் கொடுக்கும் தீவிர கீமோதெரபியும் சில சமயம் கதிர்வீச்சும் நோயாளியின் மஜ்ஜையை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிடுகின்றன. புதிய குருத்தணுக்கள் ஊன்றி, பாக்டீரியாக்களை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திரும்ப 2 முதல் 4 வாரம் ஆகும். வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்பவை டி அணுக்கள். அவை போதிய எண்ணிக்கையிலும் திறனிலும் மீள்வதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. வந்துவிட்டால், அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு இந்த இடைவெளியை இன்னும் நீட்டிவிடும். தன் குருத்தணுக்களையே திரும்பப் பெறுபவர்களுக்கு ஆபத்து குறைவு. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும் பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்தும் பெறுபவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

சி.எம்.வி.

உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் வைரஸ்களில் அதிகம் ஆராயப்பட்டதும் அதிகம் அஞ்சப்படுவதும் சைட்டோமெகாலோ வைரஸ் என்னும் சி.எம்.வி. நலமாக இருப்பவருக்கு இது ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். பிறகு வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கிவிடும்.

மஜ்ஜை மாற்றின் முன்னோடியான டொனால் தாமஸ் 1957இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். 1990இல் நோபல் பரிசு பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில், அவர் பணியாற்றிய சியாட்டில் உள்ளிட்ட எல்லா மையங்களிலும் சி.எம்.வி. நுரையீரல் அழற்சி பெரும் துயரமாக இருந்தது. அது வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். கான்சிக்ளோவிர் மருந்து வந்தபோது நுரையீரலில் வைரஸ் குறைந்தது. ஆனால் நோயாளிகள் பிழைக்கவில்லை. அதனுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நிலைமை ஓரளவு மாறியது. உண்மையான திருப்பம் 1991இல் வந்தது. நோய் தெரியும்வரை காத்திராமல், வைரஸ் தலைகாட்டியதுமே கான்சிக்ளோவிரைத் தொடங்கினால் நுரையீரல் நோயைத் தடுக்கலாம் என்று அவ்வாண்டு வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வேறு எந்த ஒரு மருந்தையும்விட இந்த முறையே இத்துறையில் அதிக உயிர்களைக் காத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்றைய நடைமுறையும் அதன் தொடர்ச்சியே. மாற்றுக்குப் பின் 100 நாள் வரையேனும் வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து, பி.சி.ஆர். முறையில் வைரஸின் அளவைப் பார்க்கிறார்கள். அது மையம் வகுத்த வரம்பைத் தாண்டினால், காய்ச்சலே இல்லாவிட்டாலும் சிகிச்சை தொடங்கும். “நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு இந்த வாரமும் ரத்தப் பரிசோதனை?” என்று வீட்டார் கேட்பது இயல்பு. நன்றாக இருக்கும்போது எடுக்கும் பரிசோதனைக்குத்தான் பயன் அதிகம்.

மருந்துகளிலும் சங்கடம் உண்டு. கான்சிக்ளோவிரும் மாத்திரை வடிவான வால்கான்சிக்ளோவிரும் புதிதாக ஊன்றிய மஜ்ஜையையே ஒடுக்கி வெள்ளணுக்களைக் குறைக்கும். ஃபாஸ்கார்னெட் மஜ்ஜையைத் தொடாது, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர் இந்த இரண்டு சிக்கலையும் பெரிதும் தவிர்த்தது. வைரஸ் தன் மரபணுவை உறைக்குள் அடைப்பதற்குப் பயன்படுத்தும் நொதியை இது தடுக்கிறது. மனித செல்லில் அந்த நொதி இல்லை. அவ்வாண்டு வெளிவந்த ஆய்வில், 24ஆம் வாரத்துக்குள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு சி.எம்.வி. வந்தவர்கள் லெட்டர்மோவிர் பெற்றோரில் 37.5 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றோரில் 60.6 விழுக்காடு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத தொற்றுக்காக மாரிபாவிர் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

குடலில் சி.எம்.வி. வந்தால் கண்டுபிடிப்பது கடினம். வயிற்றுப்போக்கு, ரத்தக் கசிவு எல்லாம் ஜி.வி.எச்.டி. போலவே இருக்கும்; ரத்தத்தில் வைரஸ் தென்படாமலும் போகலாம். இரண்டுக்குமான சிகிச்சையோ நேர் எதிரானது: ஒன்றுக்கு எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும், மற்றதற்கு அதை மீள விட வேண்டும். எண்டோஸ்கோபி செய்து திசுவை எடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

சிறுநீரக மாற்றில், வைரஸ் உள்ள கொடையாளரின் உறுப்பு வைரஸ் இல்லாதவருக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. குருத்தணு மாற்றில் இது தலைகீழ். வைரஸை ஏற்கெனவே உடலில் கொண்ட நோயாளிக்கு, அதைச் சந்தித்தே இராத கொடையாளரின் அணுக்கள் வரும்போதுதான் ஆபத்து மிகுதி. புதிய எதிர்ப்பாற்றல் முழுவதும் கொடையாளருடையது, அதற்கு இந்த எதிரியை அடையாளம் தெரியாது. இந்தியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சி.எம்.வி. தொற்றைக் கடந்தவர்கள். ஆகவே 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும் 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிய இந்நாட்டு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில், இந்த வைரஸ் இல்லாத நோயாளி அரிது.

மற்ற உள்ளுறை வைரஸ்கள்

வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் மாதத்திலேயே எழும். ஏசைக்ளோவிர் முன்கூட்டியே கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்பது 1981இலேயே உறுதியாயிற்று. அம்மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். சின்னம்மை வைரஸ் அக்கியாக வருவது பெரும்பாலும் பிந்தைய மாதங்களில். அதனால் ஏசைக்ளோவிரை ஓராண்டாவது தொடர்கிறார்கள். லெட்டர்மோவிர் இவ்விரண்டையும் தடுக்காது என்பதால், அதைச் சாப்பிடுபவரும் ஏசைக்ளோவிரை நிறுத்தக் கூடாது. கொப்புளம் தோன்றும் முன்பே கடும் வயிற்றுவலியாக மட்டும் அக்கி தொடங்குவதும் உண்டு.

பி.கே. வைரஸ் சிறுநீர்ப்பையைத் தாக்கும். சிறுநீரில் ரத்தக் கட்டிகள் வெளிவரும். வலி தாங்க முடியாததாக இருக்கும். இதற்கென்று உறுதியான மருந்து இன்றும் இல்லை. நிறைய திரவம் ஏற்றி, குழாய் வைத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவி, தட்டணுக்கள் ஏற்றி, வலியைக் குறைத்து, எதிர்ப்பாற்றல் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கச் செய்கிறார்கள். உயிரைப் பறிப்பது குறைவென்பதால் இந்நோயின் வேதனைக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. அடினோ வைரஸ் குழந்தைகளிடம் கூடுதல். கல்லீரல், நுரையீரல் என்று பரவினால் ஆபத்தானது.

மாற்று முடிந்து 2 முதல் 6 வாரத்துக்குள் நோயாளி சற்று முன் நடந்ததை மறந்தாலோ, குழம்பிப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ எச்.எச்.வி.-6 என்னும் ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் மூளை அழற்சியை நினைக்க வேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பி அணுக்களைக் கட்டின்றிப் பெருக்கி நிணநீர்க் கட்டிகளை உண்டாக்கும். ரத்தத்தில் அதன் அளவு ஏறும்போதே ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தைக் கொடுத்துத் தடுக்கிறார்கள்.

ஹெபடைட்டிஸ் பி தனிக் கவனம் வேண்டுவது. என்றோ வந்து குணமானதாகக் கருதப்பட்ட தொற்றும் மாற்றுக்குப் பின் திரும்பிக் கல்லீரலைச் சிதைக்கலாம். முன்கூட்டியே பரிசோதித்து என்டெகாவிர் போன்ற மாத்திரை கொடுத்தால் இது ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கக்கூடியது.

டி அணுக்களையே மருந்தாக்குதல்

நோயின் வேர் டி அணுக்கள் இல்லாமை என்றால், அவற்றையே கொடுத்துவிடலாம் அல்லவா? கொடையாளரின் சி.எம்.வி. எதிர்ப்பு டி அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி நோயாளிக்குச் செலுத்தி, சியாட்டில் குழுவினர் 1992இல் முதல் முடிவுகளை வெளியிட்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிராகத் தயாரித்த டேபெலெக்லூசெல் 2022இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஒரே மருந்தில் ஆறு வைரஸ்களை எதிர்க்க முயன்ற போசோலூசெல் எதிர்பார்த்த பலன் தராததால் அதன் இறுதிக்கட்ட ஆய்வுகள் 2023இல் நிறுத்தப்பட்டன.

வெளியிலிருந்து வருபவை

இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃப்ளூயன்சா, கோவிட் போன்ற சுவாச வைரஸ்கள் உண்மையிலேயே பிறரிடமிருந்து வருகின்றன. சாதாரணச் சளி சில நாளில் நுரையீரலுக்கு இறங்கிவிடலாம். உடல்நலம் விசாரிக்க உறவினர் திரண்டு வருவது நம் வழக்கம்; இந்த மாதங்களில் அவர்கள் தொலைபேசியில் விசாரிப்பதே நோயாளிக்குச் செய்யும் உதவி. வீட்டிலுள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நோயாளி சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் மாற்றோடு கரைந்துபோகிறது. உயிரற்ற தடுப்பூசிகளைச் சுமார் ஆறு மாதத்திலிருந்து முதலிலிருந்து போடுகிறார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டு கழித்து, ஜி.வி.எச்.டி.யும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் இல்லாதபோது மட்டுமே. சொட்டு மருந்தாகக் கொடுக்கும் போலியோ தடுப்பு மருந்தின் வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். எனவே நோயாளி இருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போடலாமா என்று மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.