காமராவும் கேமராவும்

இராசபாளையத்து அய்யனார் கோயில் ஓடைக்கரையிலும் திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்பிலும் காலைநடை போகிற நண்பர், கையோடு கொண்டுபோக எந்த டிஜிட்டல் கேமரா நல்லது என்று கேட்டார். கருவிக்கு முன்னே அதன் பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது.

கேமரா என்றால் அறை. வளைகூரை வேய்ந்த அறைக்கு இலத்தீனில் வழங்கிய பெயர் அது. இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே நிற்கும் மரமும் மலையும் எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழும். அவ்வறையை வானியலறிஞர் கெப்லர் 1604-இல் 'கேமரா அப்ஸ்க்யூரா', அதாவது இருட்டறை, என்று எழுதினார். அறை சுருங்கிப் பெட்டியாகி, பெட்டி கைக்குள் அடங்கியபோது இருட்டு உதிர்ந்து அறை மட்டும் பெயரில் நின்றது.

இந்தச் சொல் தமிழ்க்கரைக்கு இருமுறை வந்திருக்கிறது, அன்பர்களே. போர்த்துகீசியர் வாய்வழி வந்தபோது 'காமரா' ஆகி, அறை என்ற பழம்பொருளோடே நம் அகரமுதலியில் ஏறியது; இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் தம் குடியிருப்பை 'லயக் காம்பரா' என்கிறார்களே, அதுவும் இக்கொடியில் காய்த்ததுதான். பிறகு ஆங்கிலத்தின் வழியே 'கேமரா'. ஈழத்தார் நாவில் 'கமரா'. முதலில் வந்தவளை அறை என்றும், பின் வந்தவளைக் கருவி என்றும் அழைத்த நாம், இருவரும் உடன்பிறந்தவர் என்பதை மறந்தே போனோம்.

டிஜிட்டல் என்பதன் வேர் இலத்தீனில் விரல். விரலால் எண்ணியதால் எண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. விரல்விட்டு எண்ணும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? சிங்கப்பூர்த் தமிழர் மின்னிலக்கம் என்பர். எனக்கு எண்ணிமம் இனிக்கிறது.

தெரிவுக்கும் பெயரே வழிகாட்டும். மலையடிவாரத்துக்கு ஓர் அறையைத் தூக்கிப் போகிறோம்; சிற்றறையே நன்று. உள்ளே ஆடி பொருத்திய எஸ்.எல்.ஆர். பெரும்பாலும் கனக்கும், ஆடியை நீக்கிய மிரர்லெஸ் தோளை வருத்தாது. அங்கே 1988-இல் சரணாலயம் அமைத்துக் காக்கப்படும் நரை அணில் உச்சிக்கிளை விட்டு இறங்குவது அரிது; ஆகவே நீண்ட வில்லை வேண்டும். வில்லி என்ற வேடன் பெயரால் அமைந்ததாகத் தலவரலாறு சொல்லும் ஊரில் நின்று வில்லை என்று சொல்லிப் பாருங்கள்: வேர் வேறுதான், ஒலி மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

அடர்ந்த நிழலில் ஒளி குறையும். அங்கும் தெளிவு கெடாத உணரி இருக்கட்டும். அந்த நிழல் என்ற சொல்லைத்தான் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்தடிக் குளிர்ச்சி, நீரில் தெரியும் உரு, ஒளி, மூன்றுமே அச்சொல்லின் பொருள்கள். ஒளியையும் அதன் மறைவையும் ஒருசேரக் கொண்ட சொல்லைப் படமெடுக்கும் கலைக்குச் சூட்டியவர் செவி எவ்வளவு நுண்ணியது! புகைப்படம் என்பதில் இந்த நயம் இல்லை.

கடையில் கேமரா என்றே கேளுங்கள், குற்றமில்லை. செண்பகத்தோப்பிலிருந்து கொண்டுவருவதை மட்டும் நிழற்படம் என்று சொல்லுங்கள்.