ஊசியும் சாட்சியும்

வரலாற்றுக்கு அடிப்படை சாட்சியம். கல்வெட்டும் செப்பேடும் கடிதமும் நாட்குறிப்பும் சாட்சிகளே. ஆயினும், சாட்சி சொன்னது ஒன்றாகவும், கேட்டவர் பிறரிடம் சொன்னது வேறொன்றாகவும் அமைந்துவிடுவது உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிவதே வரலாற்று மாணவருக்கு முதற்பாடம் என்று வகுப்பறையில் நான் பன்முறை கூறியிருக்கிறேன். அப்பாடத்திற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டை மருத்துவ வரலாற்றிலிருந்து இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

உடலின் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி நோய் தணிக்கும் முறை, சீன தேசத்தில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கி வருவது. மேனாட்டார் இதனை அக்குபங்சர் என்பர். இம்முறை தன் தாயகத்திலேயே உயர்வும் தாழ்வும் கண்டது. 1822-இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவ நிலையத்தில் இதனைத் தடை செய்தார். 1949-இல் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசோ, மேனாட்டு மருத்துவம் கற்றவர்கள் நாட்டின் தேவைக்குப் போதாமையால், பழைய வைத்தியர்களையும் அரவணைத்துக் கொண்டது. 1958 முதல், சத்திர சிகிச்சையின்போது வலி தோன்றாதிருக்கவும் ஊசியைப் பயன்படுத்திப் பார்த்தனர்.

அக்காலத்தில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தூதுறவு இல்லை. ஆகவே, இம்முயற்சிகளைப் பற்றி அமெரிக்கப் பொதுமக்கள் அறிந்தது மிகக் குறைவு. அவர்களது கவனத்தை இதன்பால் திருப்பியது ஒரு பத்திரிகையாளரின் வயிற்றுவலி என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா சென்றார். அதே நாட்களில் கிசிங்கர் இரகசியமாகப் பீக்கிங் வந்து போனார். அச்செய்தி தமக்கு அறிவிக்கப்பட்ட வேளையில்தான் வலியின் முதற்குத்தை உணர்ந்ததாக ரெஸ்டன் பின்னர் நகைச்சுவையோடு எழுதினார். குடல்வாலில் நோய் கண்டிருந்தது. பிரதமர் சூ என் லாய் 11 நிபுணர்களைக் கலந்தாலோசிக்கச் செய்தார். அப்போது ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை என்று பெயர் பூண்டிருந்த ஒரு நிலையத்தில் ஜூலை 17-ஆம் தேதி சத்திர சிகிச்சை நடந்தது. அந்நிலையம் அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தின் பொருளால் முன்னர் எழுந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி, ஜூலை 26-ஆம் தேதி வெளிவந்த கட்டுரையில் ரெஸ்டன் சொன்னவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். குடல்வாலை அகற்றும்போது, மேனாட்டு மருத்துவத்தில் வழங்கும் மருந்தைச் செலுத்தியே உடலின் நடுப்பகுதியை மரக்கச் செய்தனர். சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாள் இரவு வயிற்றில் உப்புசமும் வேதனையும் தோன்றின. அப்போதுதான் லீ சாங்-யுவான் என்னும் ஊசி மருத்துவர், நோயாளியின் இசைவு பெற்று, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் 3 ஊசிகளைச் செருகித் திருகினார். மூலிகைச் சுருட்டுப் போன்ற இரு துண்டுகளைக் கொளுத்தி, வயிற்றருகே அனல் காட்டினார். 20 நிமிடத்தில் யாவும் முடிந்தன. ஒரு மணி நேரத்திற்குள் வேதனை தணிந்தது, மீண்டும் வரவில்லை. இம்முறையின் தகுதியைத் தீர்மானிக்கும் அறிவு தமக்கு இல்லை என்பதையும் ரெஸ்டன் ஒளிக்கவில்லை.

சாட்சி சொன்னது இவ்வளவே. உலகம் சொன்னது என்ன? ஊசியை மட்டுமே கொண்டு, வேறு மருந்தின்றி ரெஸ்டனுக்குச் சத்திர சிகிச்சை நடந்ததாக ஒரு கதை எழுந்தது. இன்றுங்கூட அக்கதையை அச்சில் காணலாம். அது பிறந்த வழியை ஊகிப்பது கடினமன்று. 1971-இன் பிற்பகுதியில் சீனா சென்ற அமெரிக்க மருத்துவர்களும், 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சனுடன் சென்றவர்களும், விழித்திருக்கும் நோயாளிகளுக்கு ஊசியின் துணையோடு சத்திர சிகிச்சை நடப்பதைக் கண்டனர். அந்த வியப்பும் ரெஸ்டனின் பெயரும் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அத்தகைய நோயாளிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதும், பலருக்கு வலி தணிக்கும் மருந்தும் சிறிதளவு கொடுத்தார்கள் என்பதும் பின்னரே தெளிவாயின.

ரெஸ்டனின் உண்மையான அனுபவமேனும் ஊசியின் ஆற்றலை நிலைநாட்டுகிறதா? வயிற்றில் சத்திர சிகிச்சை செய்தபின் குடல் சில நாள் இயக்கம் குன்றியிருக்கும்; மீண்டும் இயங்கத் தொடங்கியதும் உப்புசம் தானே அகலுவதும் இயல்பு. ஆகவே, ஊசியால் குணமானதா, ஊசிக்குப் பின் குணமானதா என்பதை ஒருவர் அனுபவங்கொண்டு முடிவு செய்ய இயலாது. பலரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முறையான ஊசியும், மற்றவர்க்குப் பாவனை ஊசியும் செலுத்தி ஒப்பிட வேண்டும். அவ்வாறான ஆய்வுகளை 1997-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு பரிசீலித்தது. சத்திர சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கும் வாந்திக்கும், பல் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் நம்பிக்கையூட்டும் பயன் காணப்படுகிறது என்றது. வேறு பலவற்றிற்குச் சான்று போதாது என்றும் கூறியது. பாவனை ஊசியே ஓரளவு பயன் தருவதால், ஆய்வு எளிதன்று என்பதையும் சுட்டியது.

மூளையே வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்று 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஆராய்ந்தோர் கண்டறிந்தனர். ஊசியின் பயனுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். ரெஸ்டன் படுக்கையில் கிடந்து உண்மையாய் எழுதிய குறிப்பு, இத்தகைய வினாக்களைப் பலர் எழுப்பத் தூண்டுகோலாயிற்று. அதனைத் திரித்துக் கூறிய கதையோ, நம்புவோரை ஏமாற்றியது. ஐயுறுவோர்க்கு எள்ளி நகையாட இடம் தந்தது.

மாணவ மாணவியரே! வியப்பூட்டும் செய்தி ஒன்று உங்கள் செவிக்கு எட்டுமாயின், முதலில் சொன்னவர் யார், அவர் கண்டது எது, எந்த நாளில் எழுதினார் என்று தேடிப் பாருங்கள். மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு, அதன்பின் நம்புவதோ மறுப்பதோ உங்கள் உரிமை.