மூச்சைப் பிடிங்க

எக்ஸ்ரே எடுக்கப் பயிற்றுவிக்கும் சி.ஆர்.ஏ. படிப்பை நான் படித்தது 1981-ல், சென்னைப் பெரியாஸ்பத்திரியின் பர்னார்டு கதிரியக்க நிலையத்தில். 1934-ல் திறந்த நிலையம். அதன் முதல் இயக்குநர் கேப்டன் பர்னார்டின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். வகுப்பறையைவிட டார்க் ரூமில் நின்ற நேரமே அதிகம். சிவப்பு விளக்கொளியில் பிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பரில் அமிழ்த்தி, அலசி, ஹைப்போவில் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கோடையில் டெவலப்பர் சூடேறினால் படம் கறுத்துப்போகும் என்று தொட்டியைச் சுற்றி ஐஸ் போடுவோம். சாப்பிட உட்கார்ந்தாலும் விரலில் புளித்த வாடை போகாது.

கடலூருக்கு வேலை தேடி வந்தபோது என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒரே பிலிம்ல படம் வந்துருமா?" பிலிம் விலை அப்படி. வீணான பிலிமுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள் நான் முதலில் வேலை பார்த்த நர்சிங் ஹோமில். அதனால் ஆளைப் பார்த்ததுமே கதிருக்கு எத்தனை கே.வி., எத்தனை எம்.ஏ.எஸ். என்று கணிக்கும் கண் வேண்டியிருந்தது. தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கும் மார்பும் பள்ளிக்கூட வாத்தியார் மார்பும் ஒரே அளவுக்கு அடங்காது.

தலையில் அடிபட்டு வந்தவரை அப்போது ஜிப்மருக்கோ சென்னைக்கோதான் அனுப்புவோம். சிதம்பரத்தில் 1929-லேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆனால் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது 1985-ல்தான். 2021-ல் அது மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியானது. இந்த இடைவெளியில் சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் நம் பக்கமும் வந்துசேர்ந்தன. டார்க் ரூமுக்கு வேலை குறைந்தது.

ஆனால் 2011 டிசம்பர் 30 எனக்கு மறக்காது. தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரை சரிசெய்ய ஏறி விழுந்தவர்கள், மரம் அறுக்கும்போது கிளை மேலே விழுந்தவர்கள் என்று நாள்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். ஜெனரேட்டர் எக்ஸ்ரே மெஷினை ஓட்டவே திணறியது. பிலிம் கழுவும் ஆட்டோ பிராசசரைப் போட முடியவில்லை. பரணில் கிடந்த பழைய தொட்டிகளை இறக்கிக் கழுவினேன். கூட இருந்த இளம் பையன்களுக்கு ஹேங்கரில் பிலிம் மாட்டத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. அன்று ராத்திரி கற்றுக்கொடுத்தேன்.

இன்று எல்லாம் டிஜிட்டல். பலருக்குத் தெரியாத ஆபத்து இதில் ஒன்று உண்டு. பிலிமில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்து நம்மைக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலிலோ கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்து அழகான படமாகத் தந்துவிடும். நோயாளி உடம்பில் தேவைக்கு மேல் கதிர் ஏறியது யாருக்கும் தெரியாது. எக்ஸ்போஷர் கணிக்கத் தெரிந்தவன் இன்றுதான் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஆள் எடுக்க இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மெஷின் பெயர்களை நான் கேட்பதில்லை. "இடுப்பெலும்பு முறிஞ்ச பாட்டி படுத்திருக்காங்க. பக்கவாட்டுப் படம் வேணும். என்ன பண்ணுவே?" என்று கேட்பேன். பலர் காலைத் திருப்பி வைப்பதாகச் சொல்கிறார்கள். புவனகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும், "அந்தக் காலைத் தொடக் கூடாது சார். நல்ல காலைத் தூக்கி வெச்சு, டியூப்பைப் பக்கவாட்டுல திருப்பிக்கணும்" என்றாள். வயிற்றுப் படத்துக்கு வரும் இளம்பெண்ணிடம் என்ன கேட்பாய் என்றேன். "நாள் தள்ளியிருக்கான்னு கேட்பேன், தனியா கூப்பிட்டு." அன்றே வேலை கொடுக்கச் சொன்னேன். மார்புப் படத்துக்கு முதியவர்களை நிறுத்தி, "மூச்சை நல்லா இழுங்க தாத்தா, பிடிங்க" என்று அவள் சொல்லும் பக்குவத்தைப் பார்க்கவே ஒருநாள் போயிருந்தேன்.

பிள்ளைகளை இந்த எக்ஸ்ரே படிப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'நூறு சதவீதம் வேலை' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம், நோயாளிகளோடு பயிற்சி என்று கேளுங்கள். அங்குள்ள எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உண்டா, பயிற்சி மாணவருக்குக் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா என்று கேளுங்கள். அரசு ரேடியோகிராபர் பணிக்கு ஆளெடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு வாரியம் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.