தார், ஹிமாலயனுக்கு வெளியில சைலன்சர் மாட்டப் போறீங்களா? பெண்ணாடம் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்!

ஆஃப்ரோடு வண்டி வாங்கிய கையோடு பலரும் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். 'கம்பெனி சவுண்டு சப்புன்னு இருக்கு' என்று சொல்லி, யூடியூப் வீடியோவில் கேட்ட உறுமலைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டித்தான் விற்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காடு, மேடு, ஆற்று மணல் என்று போகும் வண்டிக்கு எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுக்கும்போது சத்தம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அந்தக் குழாயின் சூடு எதன் மேல் படும், புகை எங்கே போகும், அடியில் எது இடிக்கும் என்ற மூன்றும்தான் முதலில் வர வேண்டும். பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரத்தில் இது இன்னும் பொருந்தும். ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், இன்னொரு பக்கம் வெள்ளாறு. காய்ந்த சோகையும் தண்ணீரும் ஒரே வண்டிக்கு ஒரே வருஷத்தில் வந்துவிடும்.

எக்ஸாஸ்டுக்குள் என்ன இருக்கு?

இன்ஜினிலிருந்து வெளியே வரும் முதல் குழாயை பைக்கில் 'பெண்ட் பைப்' என்பார்கள். காரில் அது மேனிஃபோல்ட். அதற்கடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதன் முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார், பிறகு சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர், கடைசியில் வால் குழாய். டீசல் வண்டியில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டியும் சேரும். நாம் பொதுவாக 'சைலன்சர்' என்று சொல்வது இதில் மஃப்ளரை மட்டும்தான்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பீங்கான்! தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. இந்தத் தேன்கூட்டு வடிவம் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் உருவானது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆக்சிஜன் சென்சாரின் உள்முனையும் பீங்கான்தான், சிர்கோனியா என்ற வகை. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் படிப்பும் இருக்கிற விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதன் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எவ்வளவு சூட்டையும் தாங்கும், ஒரு அடி பட்டால் விரிசல் விடும்.

எதை மாற்றலாம்? எதைத் தொடவே கூடாது?

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். மஃப்ளரை மட்டும் மாற்றும் 'ஸ்லிப்-ஆன்' ஒன்று. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாய் முழுவதையும் மாற்றும் 'கேட்-பேக்' இரண்டாவது. இன்ஜினிலிருந்தே எல்லாவற்றையும் கழற்றிப் போடும் 'ஃபுல் சிஸ்டம்' மூன்றாவது.

ரோட்டில் ஓடும் பிஎஸ்-6 வண்டிக்கு மூன்றாவது வேண்டவே வேண்டாம். கன்வெர்ட்டர் போய்விட்டால் பின்பக்க சென்சார் அதைக் கண்டுபிடித்து டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் 'பி0420' என்ற கோடு வந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த விளக்கை அணைக்க சென்சாரை ஏமாற்றும் ஸ்பேசர், மென்பொருள் மாற்றம் என்று அடுத்தடுத்து செலவு வரும். டீசலில் டி.பி.எஃப்-ஐ வெட்டி எடுத்தால் கருப்புப் புகை பின்னால் வருபவர் முகத்தில்தான் அடிக்கும்.

இன்னொரு விஷயம். கழற்றிய கன்வெர்ட்டரைச் சில கடைகளில் 'பழசுதானே, இங்கேயே கிடக்கட்டும்' என்பார்கள். அதில் இருப்பது பிளாட்டினம் வகை உலோகம். பழைய இரும்பு விலையில் விட்டுவிட்டு வரும் பொருள் இல்லை அது.

பவர் ஏறுமா?

ஏறும் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் ஆஃப்ரோடில் தேவைப்படுவது 7,000 ஆர்.பி.எம்-மில் வரும் பவர் இல்லை. மணலில் சக்கரம் புதையும்போது, மேட்டில் மெதுவாக ஏறும்போது, குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவைதான் வண்டியைக் காப்பாற்றும்.

இங்கே 'பேக் பிரஷர் வேணும்' என்று ஒரு பழைய பேச்சு உண்டு. விஷயம் கொஞ்சம் வேறு. வெளியேறும் வாயு குழாய்க்குள் வேகமாக ஓடினால், அது பின்னால் இருக்கும் வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் சிலிண்டர் நன்றாகக் காலியாகும். குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் வாயுவின் வேகம் குறையும், கீழ் ஆர்.பி.எம் இழுவை விழும். அதாவது, தடித்த குழாய் மாட்டிய பைக் நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டு ஓடும், வெள்ளாற்று மணலில் திணறும். டர்போ டீசலில் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைவது நல்லதுதான். ஆனால் அங்கே பெரிய அடைப்பே டி.பி.எஃப் என்பதால், மஃப்ளரை மட்டும் மாற்றி பெரிதாக எதுவும் கிடைக்காது.

ஹீரோ நிறுவனம் 2020-ல் எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்கு ஒரு ரேலி கிட் கொண்டு வந்தது. அதில் சஸ்பென்ஷன், டயர், சீட், ஹேண்டில்பார் ரைசர், நீளமான கியர் லிவர் என்று வரிசையாக இருந்தன. சைலன்சர் இல்லை. பைக்கைத் தயாரித்தவர்களே ஆஃப்ரோடுக்கு எதில் காசு போட்டார்கள் என்று பார்த்தாலே பாதி குழப்பம் தீரும். கையில் இருப்பது முப்பதாயிரம் என்றால், அது முதலில் டயருக்குப் போகட்டும்.

சோகைக் காட்டில் நிறுத்தினால்?

இந்த வட்டாரத்தில் உண்மையான ஆபத்து இதுதான், கடையில் யாரும் பேசாத விஷயமும் இதுதான். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓட்டத்தில் இன்னும் ஏறும். டி.பி.எஃப் தன்னிடம் சேர்ந்த கரியை எரிக்கும்போது உள்ளே 600 டிகிரி வரை போகும். கரும்பு வெட்டிய பிறகு முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சோகை கிடக்கும் வயலில், ஓடிய சூட்டோடு வண்டியை ஏற்றி நிறுத்தினால், அது பற்றிக்கொள்ள இதைவிடக் குறைந்த சூடே போதும். பக்கத்து வயலில் வெட்டாத கரும்பு நின்றால் நஷ்டம் வண்டியோடு நிற்காது.

கம்பெனி எக்ஸாஸ்டில் இதற்காகவே கன்வெர்ட்டரைச் சுற்றி தகட்டுக் கவசம் இருக்கும். வெளியில் மாட்டும்போது அந்தத் தகட்டை 'கடகடன்னு சத்தம் வரும் சார்' என்று கழற்றிப் போட்டுவிடுவது சில பட்டறைகளில் வழக்கம். விடாதீர்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

நெருப்புப்பொறி வேறு இருக்கிறது. குழாயில் படிந்த கரித்துண்டுகள் எரிந்தபடியே வெளியே பறக்கும். அதைப் பிடிக்கும் வலை போன்ற அமைப்புக்கு 'ஸ்பார்க் அரெஸ்டர்' என்று பெயர். அமெரிக்காவில் தேசிய வனப்பகுதிகளுக்குள் போகும் ஆஃப்ரோடு பைக்குகளுக்கு இது கட்டாயம். நம் ஊரில் கேட்டு வாங்குபவர் குறைவு. வயல் வரப்பில் ஓடும் வண்டிக்கு சைலன்சர் வாங்கினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'இதுல அரெஸ்டர் இருக்கா?' என்பதுதான்.

பெண்ணாடத்தின் அசல் ஆஃப்ரோடு வண்டி டிராக்டர். அதன் சைலன்சர் ஏன் பானெட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கிறது என்று யோசித்தால் பாதி பாடம் அதிலேயே இருக்கிறது. சூடான குழாய் பயிரையும் சோகையையும் தொடாது, சேற்றில் புதையாது, புகை மேலே போய்விடும். ஆனால் டிராக்டர் என்பதால் சைலன்சர் இல்லாமல் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, டிராக்டரையும் சேர்த்தே சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது.

தண்ணீர், மணல், கல்

தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகும் என்கிறது மஹிந்திரா. அந்த ஆழத்தில் வால் குழாய் முழுக்க மூழ்கிவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை வாயுவின் அழுத்தமே தண்ணீரை வெளியே தள்ளும். நடுவில் இன்ஜின் நின்றால்தான் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். குழாய் நீளம் குறைந்து, வாய் கீழே பார்த்தபடி இருந்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். இது தேங்கிய தண்ணீருக்கு மட்டும். மழைக்காலத்தில் வெள்ளாற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது எந்த சைலன்சரும் உதவாது, திரும்பிவிடுவதுதான் வழி.

மஃப்ளரில் இரண்டு விதம் உண்டு. உள்ளே அறை அறையாகத் தடுத்தது ஒன்று. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றி கண்ணாடி இழை அல்லது பீங்கான் இழைப் பஞ்சு அடைத்தது இன்னொன்று. வெளியில் விற்கும் 'கெத்து' சைலன்சர்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் பஞ்சு ஊறும், பிறகு காய்ந்து சுருங்கும், நாள்பட எரிந்து பறக்கும். ஆறு மாதத்தில் சத்தம் கூடிக்கொண்டே போனால் இன்ஜின் பலமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், பஞ்சு தீர்ந்துவிட்டது. மாற்றுப் பஞ்சு கிடைக்குமா, பிரித்து மாட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக உயரம். வண்டிக்கு அடியில் மிகத் தாழ்வான பொருளாக எக்ஸாஸ்ட் இருக்கவே கூடாது. மாட்டிய பிறகு குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியலுக்கும் சேஸிக்கும் கீழே குழாய் தொங்கினால், முதல் கல்லிலேயே அடி வாங்கும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் உடைந்தால் 'கலகல' என்று சத்தம் வரும், உடைந்த துண்டு குழாயை அடைக்கும்.

கேபினுக்குள் புகை வந்தால்?

செலவைக் குறைக்க வால் குழாயை வண்டிக்கு நடுவிலேயே வெட்டி விடுவதும் நடக்கிறது. துணிக்கூரை போட்ட ஜீப்பிலும் பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டும் வண்டியிலும் இது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்றுதான் தெரியும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிப் போனால் பயணக் களைப்பு என்றே நினைத்துக்கொள்வோம். குழாயின் வாய் வண்டியின் உடம்பைத் தாண்டி வெளியே வந்தே ஆக வேண்டும். புகை இடப்பக்கம் பார்த்து அடிக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. இடப்பக்கம்தானே ஆட்கள் நடந்துபோவார்கள்!

கடையில் எப்படிப் பார்ப்பது?

ஒரு சின்ன காந்தம் எடுத்துப் போங்கள். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினால் உடனே ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம், கம்பெனி சைலன்சர்களில் வரும் 409 ரகத்திலும் ஒட்டும். ஆனால் '304' என்று விலை சொல்லிவிட்டு அதில் காந்தம் நன்றாகப் பிடித்தால் கேள்வி கேட்கலாம். சாதா இரும்புக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது என்றால் சேறும் தண்ணீரும் பட்டு சீக்கிரமே துரு ஏறும்.

இணைப்புகளில் ஆர்கான் வெல்டிங் சீராக இருக்கிறதா, கம்பெனி கொடுத்த ரப்பர் ஹேங்கரிலேயே மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஹேங்கர் இல்லாமல் சேஸியோடு நேராக வெல்டிங் வைத்தால் குலுக்கலில் விரிசல் விடும். பெட்ரோல், டீசல் குழாயிலிருந்து எக்ஸாஸ்ட் குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி.

போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்?

175 சிசி-க்கு மேற்பட்ட பைக் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 80 முதல் 175 சிசி வரை 77. இது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, ஓடும் வண்டியில் அளப்பது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 'டிபி கில்லர் இருக்கு, சோதனை வந்தா சொருகிக்கலாம்' என்பது கடைக்காரர் சொல்லும் சமாதானம். கழற்றி ஓட்டும்போது பிடித்தால் அது செல்லாது.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, ஒலி, புகை விதியை மீறினால் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4)-ன் கீழ் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஐரோப்பாவின் 'ஈ' முத்திரை இருக்கிறது என்று காட்டினால், அது இந்திய ஒப்புதல் ஆகாது. இங்கே வண்டிகளுக்கும் பாகங்களுக்கும் சோதனை நடத்திச் சான்று தருவது புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ, சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி போன்ற மையங்கள். உங்கள் மாடலுக்கு வண்டி கம்பெனியே அக்சசரியாக விற்கும் சைலன்சர் இருந்தால் அதையே முதலில் பாருங்கள். பில்லில் பாகத்தின் எண்ணோடு எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி தீப்பிடித்தால் அவர்கள் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

கழற்றிய கம்பெனி சைலன்சரை துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். எஃப்.சி காட்டும்போதும் வண்டியை விற்கும்போதும் அதைத் தேட வேண்டியிருக்கும்.