அறுக்கும்வரை உருளையில்

மருதமுனைக் கைத்தறியில் சாரன் நெய்கிறவர் நெய்த துணியை அவ்வப்போது அறுத்துக் கொடுப்பதில்லை. அது உருளையில் சுற்றிக்கொண்டே வரும். அளவு நிறைந்த பின்தான் அறுப்பு. இணையப் பக்கம் ஆக்கும் தொழில் இந்த முறைக்கு வரச் சில ஆண்டுகள் சென்றன. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி மொழியின் இயல்பு, எச்டிஎம்எல்லை எழுத எழுத உலாவிக்கு அனுப்பிவிடுவது. பாதி போன பிறகு பிழை தெரிந்தால் திரும்ப அழைக்க வழியில்லை. 2000 மே மாதம் வந்த பிஎச்பி 4 அந்த வழியைத் திறந்தது. ‘ஓபி ஸ்டார்ட்’ என்ற கட்டளைக்குப் பின் எழுதப்படுவது நினைவகத்தில் தேங்கும்; அதை ஒரு மாறியில் எடுத்துத் திருத்தலாம், அனுப்பலாம், கொட்டியும் விடலாம்.

முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றாமல் வேண்டிய துண்டை மட்டும் சேவையகத்திலிருந்து பெறும் அஜாக்ஸ் முறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உலாவியின் பக்கம் நின்றே சொல்கிறார்கள்: 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தந்த கருவி, 2005 பெப்ரவரியில் ஜெஸி ஜேம்ஸ் கரெட் சூட்டிய பெயர். சேவையகத்தின் பங்கு அதற்குக் குறைந்ததல்ல என்பதே என் வாதம். முழுப் பக்கத்துக்கென்று எழுதிய அச்சையே மாறியில் பிடித்து, கேட்ட துண்டை மட்டும் அனுப்ப முடிந்ததால்தான் பழைய தளங்கள் புதுமுறைக்கு எளிதாக மாறின. இப்படிப் பிடித்துத் துண்டாக அனுப்புவதற்கு நம் கண்முன் உள்ள சான்று, தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் இணையத்தளம். 2005இல் தொடங்கிய அது மீடியாவிக்கியில் இயங்குகிறது. அந்த மென்பொருள் பக்கத்தின் எச்டிஎம்எல்லை முதலில் ஒரு மாறியில் சேர்த்துக்கொள்ளும். முகவரியில் ‘ரெண்டர்’ என்று கேட்டால் சட்டகம் இல்லாமல் உள்பகுதி மட்டும் வரும். கல்முனைக்குடியில் பிறந்த கவிஞர் எம். ஏ. நுஃமானின் நூல்களை அங்கே தேடுகிறவருக்கும் பக்கம் இவ்வாறு மாறியில் சேர்ந்த பிறகே வந்து சேர்கிறது.

தேக்கிவைத்தால் முதல் வரி தாமதமாகும் என்பார்கள். நீண்ட பக்கத்துக்கு அது உண்மை. சிறு துண்டுக்கு அந்தத் தாமதம் உணரப்படாது. இன்னும் வலுவான மறுப்பு, எச்டிஎம்எல் எதற்கு, தரவை மட்டும் ஜேசான் வடிவில் அனுப்பினால் எடை குறையுமே என்பது. குறிச்சொற்களின் எடை குறையும்தான். ஆனால் அதே அச்சை உலாவிக்காக இன்னொரு மொழியில் மறுபடி எழுத வேண்டிவரும். தமிழுக்கோ தனி இழப்பும் இருந்தது. ‘கல்முனை’ நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறி. யூடிஎஃப்-8இல் 21 பைட்டு. பிஎச்பி தன் இயல்புப்படி ஜேசானாக மாற்றும்போது ஒவ்வொரு குறியும் 6 பைட்டாகி, அதே சொல் 42 பைட்டு ஆகிவிடும். சுருக்கி அனுப்பினால் வித்தியாசம் குறையும் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், தமிழைத் தமிழாகவே ஜேசானில் வைக்கும் தெரிவு 2012 மார்ச்சில் பிஎச்பி 5.4உடன்தான் வந்தது.