பஸிபிக் 231: ஒரு புகைவண்டி இசையின் வரலாறு

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்குக் கணக்கைச் சரிபார்த்துவரும் ரயில்வே குமாஸ்தா, கற்றோர் நிறைந்த இச்சபையில் எதைச் சொல்ல இயலும்? எனினும் இவ்வாண்டு நம் இல்லத்தில் நுழைந்த ஒரு பரீட்சை நம்மையும் மாணவனாக்கிவிட்டது. அதனால் அறிந்த வரலாற்றையே அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

நம் மூத்த பெண் வயலின் பயில்கிறாள். மேற்கத்திய சங்கீதப் பரீட்சைக்கு வாசித்துக் காட்டினால் மட்டும் போதாதாம்; இருபதாம் நூற்றாண்டின் படைப்பொன்றை எடுத்து அதன் அமைப்பையும் ஆராய்ந்து எழுதவேண்டுமாம். அவளுக்கு வாய்த்தது ஆர்தர் ஒனெகர் என்பார் இயற்றிய ‘பஸிபிக் 231’. ஆறேழு நிமிடங்களில் முடிந்துவிடும் வாத்தியக்குழு இசை அது. முதல்நாள் கேட்டபோது வீட்டிலிருந்தோர் காதைப் பொத்திக்கொண்டோம். “வண்டி நிற்கிறது, புறப்படுகிறது, விரைகிறது, நிற்கிறது” என்று பெண் எழுதிக்கொண்டு போனாள். “இது கதை, அமைப்பு எங்கே?” என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். “அப்பா, இது எனக்கு வராது. இந்த வருஷம் பரீட்சையே வேண்டாம்” என்று கண்கலங்கினாள் பெண். தந்தையார் மறைந்த ஆண்டில் நாமும் இவ்வாறே புத்தகத்தை மூடிவைத்தவர். அதை மறுபடி திறக்கும் நாள் நமக்கு வரவேயில்லை. ஆதலின் அவள் சொல் நம்மைச் சுட்டது.

“231 என்பது என்னம்மா?” என்று கேட்டோம். வண்டியின் எண்ணாயிருக்கலாம் என்றாள். அங்கேதான் நமக்கு ஒரு வழி திறந்தது. அது வண்டியின் எண் அன்று. பிரெஞ்சுக்காரர் இஞ்சினை அச்சுகளைக் கொண்டு எண்ணுவர்: முன்னே இரண்டு அச்சு, நடுவே இழுக்கும் அச்சு மூன்று, பின்னே ஒன்று. நாமோ ஆங்கிலேயர் வழக்கப்படி சக்கரங்களை எண்ணி 4-6-2 என்போம். இவ்வகைக்குப் பொதுப்பெயரே பஸிபிக். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து நம் நாட்டுக்கு வந்திறங்கிய டபிள்யூ.பி. இஞ்சினும் இதே குலத்தது. நம் தந்தையார் கரி அள்ளிப் போட்டதும் அந்த இஞ்சினில்தான்!

இனி, இயற்றியவர் வரலாற்றைக் காண்போம். ஒனெகர் 1892ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில், ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தார். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்குப்பின், பழைய கனவுமயமான இசையை விட்டுத் தெளிவையும் உறுதியையும் நாடிய இளைஞர் பலர் பாரிஸில் தோன்றினர். அவர்களுள் அறுவரை 1920இல் ஒரு விமர்சகர் ஒன்றுசேர்த்து ‘அறுவர்’ என்று அழைத்தார். ஒனெகர் அவ்வறுவருள் ஒருவர். ஆயினும் ஏனையோர்போல் எளிய வேடிக்கை இசையை அவர் பெரிதும் நாடவில்லை. ஜெர்மானிய மேதை பாக் அவர்களின் கட்டுக்கோப்பே அவருக்கு ஆதர்சமாயிருந்தது. 1923இல் அவர் இயற்றிய ‘பஸிபிக் 231’, 1924ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பாரிஸில் கூசெவிட்ஸ்கி அவர்களின் தலைமையில் அரங்கேறியது.

அன்றுதொட்டு ஒரு வழக்கு உண்டு. இது புகைவண்டியின் ஒலியைப் போலிசெய்வதா, அல்லது தூய இசையா? ஒனெகர் தாமே இருபுறமும் சாட்சி சொல்லியிருக்கிறார். இஞ்சின்களை உயிருள்ளவைபோல் நேசிப்பதாகத் தொடக்கத்தில் கூறினார். 1951இல் வெளிவந்த தம் நூலிலோ, தமக்கு முதலில் தோன்றியது வெறும் இசைக்கணக்கே என்றும், பெயர் பின்னரே வந்தது என்றும் எழுதினார்.

அந்தக் கணக்குதான் பரீட்சை கேட்ட அமைப்பு. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதை எளிதில் சொல்லலாம். வர்ணத்தை மூன்று காலங்களில் பாடும்போது தாளத்தின் அடி மாறுவதில்லை. ஒவ்வோர் அடிக்குள்ளும் ஸ்வரங்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டிக்கின்றன. கேட்பவர்க்கு வேகம் கூடியதாகத் தோன்றுகிறது. ஒனெகர் இதற்கும் ஒருபடி மேலே சென்றார். அடியைப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டே, அதற்குள் அடங்கும் ஸ்வரங்களை மேன்மேலும் குறுக்கி நெருக்கினார். தாளம் மெதுவாகிறது, வண்டியோ விரைகிறது! நம் பெண் புத்தகத்தைப் பார்த்தவாறு ஸ்வரங்களைச் சொல்ல, நாம் தொடையில் தட்டித் தட்டி இதைச் சோதித்தோம். இரண்டாம் முறையே அவள் முகம் மலர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. பாக் அவர்கள் கோயிற்பாடல் ஒன்றை நீண்ட ஸ்வரங்களில் நிறுத்தி, அதனைச் சுற்றி மற்றக் குரல்களை விரைந்தோட விடுவார். ஒனெகரும் அம்முறையையே கையாண்டார். தொடக்கத்தில் இஞ்சின் மூச்சுவிட்டு நிற்பதுபோன்ற பகுதி. பின்பு நெடிய ஸ்வரங்களில் கனத்த புறப்பாடு. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டுகள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. உச்சத்தில் அவை ஒருங்கே முழங்க, பித்தளை வாத்தியங்கள் அகன்ற பாட்டை இசைக்கின்றன. முடிவில் ஸ்வரங்கள் மீண்டும் நீண்டு நீண்டு, பிரேக் பிடித்ததுபோல் வண்டி நின்றுவிடுகிறது. முதற்கேள்வியில் நாம் இரைச்சல் என்று கருதியது இத்துணைக் கணக்குடையது.

1955இல் ஒனெகர் பாரிஸில் காலமானார். 1996இல் ஸ்விட்சர்லாந்து அரசவங்கி வெளியிட்ட இருபது பிராங்க் நோட்டில் அவர் திருவுருவத்தோடு இஞ்சின் சக்கரத்தையும் பொறித்துச் சிறப்பித்தது. நம் அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் ஓட்டம் 1995இல் ஓய்ந்தது.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறன்று பெண்ணை ரேவாரி நீராவி இஞ்சின் கொட்டகைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ‘அக்பர்’ என்னும் பெயர்பூண்ட டபிள்யூ.பி. இஞ்சின் நிற்கிறது. அவள் குனிந்து அச்சுகளை இரண்டு, மூன்று, ஒன்று என்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு, “தாத்தா எங்கே நின்று கரி போடுவார்?” என்று கேட்டாள். இடத்தைக் காட்டினோம். வெகுநேரம் அவ்விடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சையை அவள் எழுதிவிட்டாள். இம்மலர் அச்சேறும் வரையில் முடிவு வரவில்லை. எதுவாயினும் அவள் புத்தகத்தை மூடவில்லை. நமக்கு அதுவே போதும். நம் காலனிப் பிள்ளைகள் கடினமான பாடத்தோடு வந்து நிற்கும்போது, ‘நமக்கென்ன தெரியும்’ என்று பெற்றோர் ஒதுங்க வேண்டாம் என்று அன்புடன் வேண்டுகிறோம். நாம் செய்யும் தொழிலில் அறிந்த சிறு செய்தியும் சில சமயம் அதற்குத் திறவுகோலாகும்.